பஞ்சு எய்த பேட்டர் பாணம்

வாழ்க பஞ்சு! மாதுங்கா மண்ணின் மங்காப் புகழோனே, லிஃப்ட் இல்லாக் கட்டடத்தின் இரண்டாம் மாடி ஏந்தலே, ஒரே மூச்சில் ஓரறுபது நாமங்களை உமிழ்ந்துவிட்டு அடுத்ததற்கும் வாய் திறந்து நிற்கும் அகன்ற நுரையீரலோனே, கோப்புக் கடலைக் குறிப்புரை மத்தால் கடைந்து ஓய்வூதிய அமுதம் எடுத்த உத்தமனே, சனிக்கிழமை மாலைதோறும் மின்விசிறிக்கு நேர்கீழே பிரம்பு நாற்காலியில் வீற்றிருந்து வலக்கை உயர்த்தி வையத்தின் வாயடைத்த வேந்தே, வாழ்க, வாழ்க! உன் வீரமும், உன் ஆயுதமும், அந்த ஆயுதம் திரும்பி வந்து உன் மூக்கையே பதம் பார்த்த விதமும் இங்கே விரித்துரைக்கப்படும். நீ இதைப் படிக்கப் போவதில்லை. உனக்குப் படிப்பதைவிடப் பேசுவதுதான் பிடிக்கும்.

காவியத்துக்குக் காப்பு வேண்டும். கூரையின் கொக்கியில் குடிகொண்ட கோமகளே, முச்சிறகு விரித்துச் சுழல்பவளே, மூன்றில் வைத்தால் முனகியும் ஐந்தில் வைத்தால் அதிர்ந்தும் அடியவர்க்கு அச்சத்தையும் குளிர்ச்சியையும் ஒருங்கே அருள்பவளே, சட்டையும் சருமமும் பிரித்தறிய முடியாமல் ஒட்டிக்கொள்ளும் மும்பையின் மழைக்காலப் புழுக்கத்தில் உன் அருள்வட்டம் ஒரே ஒரு நாற்காலியளவே பரந்ததன்றோ! காத்தருள்க. அந்த ஒரு நாற்காலிக்காகத்தான் இத்தனை வம்பும்.

கிழக்கே ஹார்பர் ரயில் லைனும் மேற்கே சென்ட்ரல் ரயில் லைனும் இருபெரும் ஆறுகளென இரைந்தோட, இடைப்பட்ட திருநிலமாம் மாதுங்காவில், விடியலிலே வறுத்த காப்பிக்கொட்டையின் மணமும் உதிரி மல்லிகையின் மணமும் ஒன்றையொன்று இடித்துத் தள்ளியபடி ஜன்னலேறும் தெருவொன்றில், பாலக்காட்டுத் தமிழும் பம்பாய் இந்தியும் ஒரே நாவில் ஒண்டுக்குடித்தனம் செய்யும் மாந்தர்கள் வாழும் நான்கு மாடிக் கட்டடமொன்று நின்றது. அதன் தரைத்தளத்தில், நின்றிருந்த ஸ்கூட்டர்களை வெளியே தள்ளி, முன்புறம் தகரக் கூரை இழுத்து, ஹால் என்று பெயர் சூட்டியிருந்தார்கள். சனிக்கிழமைகளில் அங்கே ஆயிர நாமப் பாராயணம். தலைமை தாங்குபவருக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு ஜமக்காளம், முடிந்ததும் எல்லோருக்கும் சுண்டல். சுண்டல் மட்டும் வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்து வரும்.

இனி நம் நாயகனின் நாவன்மை கேளீர். பிற ஊர்களில், பிற மண்டபங்களில், ஆயிரம் நாமங்களும் அரசிளங்குமரிகள் போல ஒவ்வொன்றாக அடியெடுத்து நடந்து வர, பஞ்சுவின் தலைமையிலோ அவை கல்யாண் ஃபாஸ்ட் ரயிலைப் பிடிக்க ஓடும் கூட்டம் போல ஒன்றன் தோள்மேல் ஒன்றாகத் தொற்றி, முன்னதன் வாலைப் பின்னது கடித்து, இடையில் அகப்பட்ட எழுத்துகளெல்லாம் நசுங்கி, எது பெயர் எது பெருமூச்சு என்று தேவர்களாலும் தெளியவொண்ணாத ஒரே இரைச்சலாய்ப் பாய்ந்து கரை சேரும். நடு நிலையங்களில் நிற்கும் வழக்கம் கிடையாது. யாரேனும் பின்தங்கினால் பஞ்சு திரும்பிப் பார்க்க மாட்டார். பின்தங்கியவர் தமக்குத் தெரிந்த நாமம் ஒன்று கண்ணில் படும் இடத்தில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த வேகத்துக்கு ஒரு தத்துவமும் உண்டு. சுண்டல் ஆறக் கூடாது. நாற்பதாண்டுக் காலம் பிறர் எழுதிய கடிதங்களில் காற்புள்ளி திருத்தியே கண்ணாடி தடித்த அந்த அறிஞர், ஆன்மிகத்தைப் பற்றி அடைந்த முடிவு இது ஒன்றுதான். இதைச் சபையோர் ஒருவரும் மறுத்ததில்லை. ஏனெனில் அவர்களும் வந்தது அதற்குத்தான். கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை ஒரு பாதி குவித்துக்கொண்டு, எப்போது முடியும் என்று காத்திருந்த புண்ணியவான்கள் அவர்கள்.

மறுத்தவர் ஒருவர் உண்டு. அவர் அகிலாண்டம். மூன்றாம் மாடியினின்றும் முட்டிவலியோடு இறங்கி வரும் மூதரசி, வெள்ளி மோதிர விரலாள், மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்க்கும் பார்வையாலேயே பால்காரனைப் பத்து நாள் ஒழுங்குபடுத்தும் பராக்கிரமம் பொருந்தியவள். பஞ்சுவின் குதிரை தறிகெட்டு ஓடும்போதெல்லாம் அதற்குக் கடிவாளம் இடுவாள் போல, மடியில் இருந்த எவர்சில்வர் டப்பாவின் மூடியில் மோதிரத்தால் டொக், டொக் என்று நிதானமாகத் தாளம் தட்டுவாள். தட்டியும் குதிரை நில்லாதபோது பக்கத்திலிருப்பவளிடம் திரும்பி, "எங்கேடி இருக்கோம்? எந்தப் பக்கம்?" என்று உரக்கவே கேட்பாள். பக்கத்திலிருப்பவளுக்கும் தெரியாது. தெரியாதவர்கள் இருவர் சேர்ந்தால் பேச்சு முருங்கைக்காய் விலைக்குத்தானே போகும்.

இப்படித் தட்டலும் பேச்சுமாய்ப் பல வாரங்கள் கழிந்தபின், அகிலாண்டம் கட்டடச் சொசைட்டி செக்ரட்டரியான சந்திரமௌலியை மாடிப்படியில் மடக்கி, ஆடி மாதம் முதல் பாராயணத் தலைமையை வேறு யாருக்காவது கொடுத்தாலொழியத் தான் வருவதற்கில்லை என்று முழங்கினாள். சந்திரமௌலி சண்டையென்றால் தண்ணீர் டாங்கியின் பின்னே ஒளியும் சாது. யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத அம்மனிதர், வரும் சனிக்கிழமை பாராயணத்துக்கு முன் பஞ்சுவா அகிலாண்டமா என்று எல்லோரும் கை தூக்கி முடிவு செய்துகொள்ளலாம் என்று லெட்டர் பாக்ஸ்களுக்கு மேலே அறிவிப்பு ஒட்டிவிட்டார். அதைப் படித்த கணத்தில் பஞ்சுவுக்குக் கையில் இருந்த பால் பாக்கெட் கனத்தது.

நாற்காலி போனால் போகட்டுமே என்று நீங்கள் சொல்லலாம். நீங்கள் அந்த இரண்டாம் மாடி வீட்டைப் பார்த்ததில்லை. மகன் அஷ்வத் காதில் கருவி மாட்டிக்கொண்டு நாள் முழுதும் அமெரிக்காவோடு அளவளாவுகிறவன். பஞ்சு வாயெடுத்து, "அந்தக் காலத்துலே எங்க ஹெட் ஆபீஸ்லே" என்று தொடங்கினால் போதும், திரும்பாமலே ஒரு விரலை உயர்த்துவான். அவ்வளவுதான், பஞ்சு அடங்கிவிடுவார். மருமகள் மானசா வங்கி வேலைக்குப் போய்த் திரும்புகிறவள். அவள் கேட்பாள், ஆனால் குக்கர் விசிலுக்கும் சேர்த்தே காது கொடுப்பாள். வாரத்தின் ஆறு நாளும் பிறர் விரலுக்கு அடங்குகிறவர், ஏழாம் நாள் ஒரு நாழிகை தன் கையை உயர்த்தி முப்பது பேரை அடக்குவார். அந்த ஒரு நாழிகைக்காகத்தான் அவர் மற்ற ஆறு நாளும் உயிரோடு இருந்தார். இதைச் சொல்லும்போது சிரிப்பு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் நாயகன் இதை எவரிடமேனும் சொல்லி இரந்தாரா? இல்லை. இரப்பது இழிவென்றெண்ணும் மறக்குடியன்றோ! போர் என்றே முடிவு செய்தார். எதைக்கொண்டு போர்? இங்கேதான் மாதுங்கா மாந்தரின் மாபெரும் மயக்கம் ஒன்றைக் கூற வேண்டியிருக்கிறது. சபையிலே ஒருவர்மேல் ஆங்கிலச் சொல் ஒன்று விழுந்துவிட்டால், அதுவும் அவருக்குப் பொருள் தெரியாத சொல்லாக விழுந்துவிட்டால், விழுந்தவர் எழுவதில்லை என்பது அங்கே மூன்று தலைமுறையாக நிலவும் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் பாதிக் கல்யாணங்கள் நின்றன, பாதிக் கல்யாணங்கள் நடந்தன.

வெள்ளிக்கிழமை காலை. ஆங்கில நாளேட்டை விரித்த பஞ்சுவின் கண்ணில் மழையைப் பற்றிய குறிப்பொன்றில் 'பேட்டர்' என்ற சொல் பட்டது. மழையின் பேட்டர். நாயகனின் நெற்றி நரம்பு துடித்தது. உடனே எழுந்து, பணி ஓய்வு நாளில் சக ஊழியர்கள் அன்பளித்த தலையணைப் பருமனான அகராதியைத் தேடிப் போனார். அது பால்கனிக் கதவு காற்றில் அறையாமலிருக்க முட்டுக் கொடுக்கப்பட்டு, மழைச்சாரலில் பாதி ஊறிக் கிடந்தது. அறிவின் ஆழியைக் கதவுக்குக் காவல் வைத்தவர் அவர்தான். இப்போது அதை இரு கைகளாலும் ஏந்தி, மடியில் இட்டு, ஈரத்தால் ஒட்டிய ஏடுகளை ஊதியூதிப் பிரித்தார்.

கண்டார்! மழைத்துளியும் சிற்றடியும் விரல்நுனியும் அடுத்தடுத்து மெல்லத் தட்டும் ஓசைக்குப் பேட்டர் என்று பெயர். கண்டு களித்துக் கீழே நோக்கினார். அதே எழுத்து, அதே ஒலி, இன்னொரு பேட்டர். தெருவில் கூவி விற்கிறவனும் செப்பிடு வித்தைக்காரனும் மூச்சுவிடாமல் அவிழ்த்துவிடும் அரட்டைக்கும் அதே பெயர். ஆகா, தட்டலும் அரட்டையும்! அந்த மூன்றாம் மாடி மூதரசியின் குற்றங்கள் இரண்டையும் ஒரே வில்லில் பூட்டி எய்ய, எங்கோ கடல் கடந்த தீவொன்றில் யாரோ எந்நாளோ வார்த்து வைத்த அம்பு இதுவன்றோ என்று அவர் உள்ளம் ஆர்ப்பரித்தது. பக்கம் அத்தோடு முடிந்திருந்தது. இரண்டாவது பேட்டரின் பிறப்பு வளர்ப்பெல்லாம் மறுபக்கத்தில் இருந்தது.

திருப்பப் போனார். அந்தக் கணத்தில், காவலிழந்த பால்கனிக் கதவு கடற்காற்றில் சிக்கி, கோட்டைக் கதவை யானை முட்டினாற்போலப் படீரென்று அறைந்தது. சமையலறையிலிருந்து மானசாவின் குரல் வந்தது. "அப்பா, கதவு! கண்ணாடி உடைஞ்சுடும்!" பஞ்சு அகராதியை மூடி, பழைய இடத்தில் முட்டுக் கொடுத்தார். மறுபக்கத்தில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று நினைத்தார். கையெழுத்தாகிப் போகும் கடிதத்தின் பின்பக்கத்தைப் பார்க்காத அதிகாரிகளை அவர் வாழ்நாளெல்லாம் திட்டியவர்.

படிக்காத வரலாற்றை அவரே படைத்துக்கொண்டார். முதலில் விரல் தட்டியது. அதைக் கண்டு நாக்கும் தட்டக் கற்றது. ஆதலால் தட்டல் தாய், அரட்டை சேய். வீணாய் மேசை தட்டும் குலத்தில் வீண்பேச்சு பிறந்தது இயற்கையே என்று குலமுறை வகுத்து, குளியலறையில் நீரூற்றிக்கொண்டே ஒத்திகை பார்த்தார். கேட்பதற்கு எடுப்பாகத்தான் இருந்தது. பொய்க்கு எப்போதுமே எடுப்பு சற்று அதிகம்.

புலர்ந்தது போர் நாள். காலையிலிருந்தே வானம் முரசறைந்தது. மாதுங்காப் பாதாளச் சாக்கடைகள் பொங்கி வந்து வரவேற்புரை வாசித்தன. ஆயினும் மாலையில் ஜமக்காளம் நிறைந்தது, எக்காலமும் வராத நான்காம் மாடிக்காரர்கள்கூட வந்திருந்தார்கள். பக்தி மழையில் குறையும். வம்பு மழையில் குறையாது. சுண்டல் முறை அன்று அகிலாண்டத்தினுடையது. வாழையிலை போர்த்திய பித்தளைத் தவலை ஆவி கக்கியபடி ஓரமாய் அமர்ந்திருக்க, தேங்காயும் பெருங்காயமும் சேர்ந்த நறுமணம் சபையோரின் உள்ளங்களை ஒருமுகப்படுத்தியது. மானசா ஆபீஸ் பையோடு நேரே வந்து கடைசி வரிசையில் அமர்ந்தாள்.

பஞ்சு நாற்காலியில் வீற்றிருந்தார். சலவை வேட்டி சரசரக்க, திருநீறு வியர்வையில் வழியாமல் மின்விசிறி காக்க, கடலைக் கண்ட மலைபோல் நிமிர்ந்து வலக்கையை உயர்த்தினார். வாயடைத்தது வையம். சந்திரமௌலி எழுந்து, "ரெண்டு பேரும் சுருக்கமா சொல்லிடுங்கோ, அப்புறம் கை தூக்கிடலாம்" என்று குழைந்தார். சுருக்கமாக! பஞ்சுவிடம்! அது அந்தப் பாவப்பட்டவரின் அறியாமை.

"சபையோர்களே!" என்று எழுந்தது அந்தச் சிங்கநாதம். "இங்கிலீஷ்ங்கற மகா சமுத்திரத்துலே ஒரே ஒரு வார்த்தை இருக்கு. பேட்டர்! இதுவரை உங்கள்லே யாருக்காவது தெரியுமா? தெரியாது. தட்டறதுக்கும் அதான் பேர், தொணதொணக்கறதுக்கும் அதான் பேர். ஏன்? தட்டற புத்தியிலேர்ந்துதான் தொணதொணப்பே பொறந்தது! இந்த ஹால்லே ஒரு டப்பா தட்டறது, ஒரு வாய் முருங்கைக்காய் விலை பேசறது. பாராயணம் கெடறது என்னாலேயா, பேட்டராலேயா? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கோ!"

சொன்னார், சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார். மழையின் பேட்டர், குழந்தைக் காலடியின் பேட்டர், ரயிலில் சீப்பு விற்பவனின் பேட்டர் என்று வகை வகையாய் அம்புகளை எடுத்தெடுத்து அவர் தொடுக்க, இடையில் மூச்சு வாங்காத அந்த முழக்கத்தைக் கேட்டுச் சபை மிரண்டது. பொருள் புரிந்தல்ல, ஆங்கிலம் புரியாததால். முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் கன்னத்தில் கை வைத்து, அகிலாண்டத்துக்குத் தீராத நோய் ஒன்று கண்டுவிட்டாற்போல அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள். தகரக் கூரையில் மழை மேலும் வலுத்தது. அம்பு தைத்துவிட்டது என்றே பஞ்சு நம்பினார். நாற்காலியின் கையைத் தடவிக்கூடக் கொடுத்தார்.

அப்போது எழுந்தாள் அகிலாண்டம். முட்டி இரண்டும் மளுக்கென்று முழங்க, பக்கத்திலிருந்தவளின் தோளை ஊன்றி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தாள். ஆயிரம் பால்காரர்கள் அஞ்சிய பார்வை அது.

"நன்னா பேசினேள், பஞ்சு மாமா. ஆனா பக்கத்தைத் திருப்பல்லை, இல்லையா?" என்றாள். பஞ்சுவின் கை நாற்காலியிலேயே நின்றது. "நான் செம்பூர்லே கான்வென்ட்லே சின்னக் கொழந்தைகளுக்குப் பாடம் எடுத்துண்டிருந்தேனே, ஞாபகம் இருக்கோல்லியோ? கார்த்தாலே ப்ரேயர். கொழந்தைகளுக்கு ஓடி விளையாடற அவசரம். மூச்சு விடாமச் சொல்லி முடிக்கும். மங்களூர்க்காரி சிஸ்டர் ஒருத்தி பெல்லை அடிச்சு நிறுத்திடுவா. 'டோன்ட் பேட்டர் யுவர் ப்ரேயர்ஸ்!' நானும் உங்களாட்டமே, கால் தட்டாதேங்கறாளாக்கும்னு நெனைச்சேன். போய்க் கேட்டேன். வார்த்தையோட ஜாதகத்தையே எடுத்து வெச்சுட்டா."

அந்த ஜாதகம் யாதெனின்: பல நூறாண்டுகளுக்கு முன், குளிரும் கும்மிருட்டும் கோலோச்சிய அக்கடல் தீவிலே, கோயிலிலே சொல்ல வேண்டிய ஜெபமோ லத்தீன், சொல்ல வேண்டிய குடிகளுக்கோ லத்தீனில் ஓரெழுத்தும் தெரியாது. அந்த ஜெபத்தின் முதற்சொல் தந்தையைக் குறிக்கும் 'பாட்டர்'. வயலில் வேலையும் அடுப்பில் கஞ்சியும் காத்திருக்க, பொருளறியாத அந்தப் புனித மொழியை மக்கள் பல்லிடுக்கிலே உருட்டி, விழுங்கி, முணுமுணுத்து, முடித்தோம் பிழைத்தோம் என்று ஓட, அந்த ஓட்டத்துக்கே முதற்சொல்லின் பெயரை ஊரார் சூட்டினர். வேகமாய் ஜெபிப்பதுதான் பேட்டர். பிற்காலத்தில் ஜெபம் உதிர்ந்தது, வேகம் மட்டும் தங்கியது. அந்த வேகத்தைத்தான் தெருவில் கூவி விற்பவனும் வித்தைக்காரனும் சுவீகரித்துக்கொண்டார்கள். தட்டல் என்னும் பேட்டரோ பிந்தி வந்த வேற்றுக் குலம், 'பேட்' என்று செல்லமாய்த் தட்டும் சிறு சொல்லின் பிள்ளை.

"ரெண்டு பேட்டருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை" என்றாள் அகிலாண்டம். "ஒரே பில்டிங்லே ரெண்டு பஞ்சு இருந்தா பங்காளி ஆயிடுவாளா? டப்பா தட்டினது நான்தான். பேசினதும் நான்தான். எந்த எடத்துலே இருக்கோம்னு தெரியாமத்தானே கேட்டேன்? ஆனா சுவாமி பேரை மென்னு முழுங்கிண்டு ஓடினது யாரு? அந்த வார்த்தை பொறந்ததே யாராட்டம் ஆட்களுக்குன்னு இப்போ எல்லாருமாச் சொல்லுங்கோ."

ஐயகோ! எய்த பாணம் மூன்றாம் மாடி வரை சென்று, முகவரி சரிபார்த்து, திரும்பி வந்து எய்தவர் நெஞ்சிலேயே குடியேறியது. திருநீற்றுக் கோடுகளின் நடுவே வியர்வை ஆறொன்று வழி கண்டது. மின்விசிறியும் காக்கவில்லை. "சிஸ்டர் சொன்னாங்கறதுக்காக…" என்று தொடங்கினார். அந்த நாற்காலியில் முதன்முறையாக அவரிடம் ஒரு வாக்கியம் பாதியில் நின்றது.

சபையோரைப் பாருங்கள், பார்க்கத் தக்க காட்சி. இத்தனை வருடமும் அந்த வேகத்தில் உல்லாசமாய்ச் சவாரி செய்தவர்கள், சுண்டலுக்கென்றே கடைசி நாமத்தைத் தாங்களும் தள்ளிவிட்டவர்கள், இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தலையசைத்து, "அதானே, ஒரு வார்த்தை காதுலே விழறதா என்ன?" என்று முனகினார்கள். எல்லோர் முகத்திலும் திடீர்ப் பக்தி பூத்தது. கூட்டம் என்பது தோற்பவனைக் கண்டுபிடித்த மறுகணமே நீதியைக் கண்டுபிடிக்கும்.

"ரைட், கை தூக்குங்கோ. அகிலாண்டம் மாமிக்கு?" என்றார் சந்திரமௌலி. எழுந்தன கைகள். நாணல் காடு காற்றில் நிமிர்ந்தாற்போல வரிசை வரிசையாய் எழுந்தன. பஞ்சுவின் பார்வை முன்வரிசையிலிருந்து தவழ்ந்து, ஒவ்வொரு கையாய் எண்ணாமல் எண்ணி, கடைசி வரிசைக்கு வந்தது. ஆபீஸ் பையின் மேலிருந்து மானசாவின் கை எழுந்தது. மாமனாரைப் பார்த்து, "சாரிப்பா" என்று உதட்டால் சொன்னாள். ஆனால் கையை இறக்கவில்லை. அவருக்கு அந்தக் கைதான் வலித்தது. மற்றவையெல்லாம் வெறும் கைகள்.

தோற்ற வேந்தர் கடைசி முழக்கம் ஒன்று முழங்க வேண்டும் என்பது காவிய மரபு. பஞ்சு எழுந்தார். நாற்காலியை விட்டு ஓரடி விலகினார். கண்ணுக்கெட்டா எதிர்காலத்தை நோக்கிக் கைநீட்டி, கம்பீரமும் கண்ணீரும் சரிபாதி கலந்த குரலில், "நிதானமாச் சொன்னா சுண்டல் ஆறிப்போகும்! நான் சொல்லலைன்னு சொல்லப்படாது! ஞாபகம் வெச்சுக்கோங்கோ!" என்று சாபமிட்டார். யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் மாமா, சலோ, உக்காருங்கோ" என்று சந்திரமௌலி ஜமக்காளத்தில் ஒரு மூலையைத் தட்டிக் காட்டினார். மேலே தகரம் ஒழுகும் மூலை அது.

அரியணை ஏறினாள் அகிலாண்டம். வலக்கை உயர்த்தினாள். வாயடைத்தது வையம், அதே வையம். முதல் நாமம் எழுந்தது, முழுதாக. பிறகு ஒரு மூச்சு. பிறகு இரண்டாம் நாமம். ஒவ்வொன்றும் குளித்துத் தலை வாரிப் பொட்டிட்டு வருவதுபோல வந்தது. இத்தனை காலமும் இரைச்சலாய் மட்டுமே தெரிந்த இடங்களிலெல்லாம் பெயர்கள் இருந்திருப்பதைப் பஞ்சு அப்போதுதான் கேட்டார். இப்போது கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. இருநூறாவதுக்கு மேல் கொஞ்சம் பிடித்தது. அதை ஒப்புக்கொள்ள அவர் தயாராயில்லை.

காலம் ஊர்ந்தது. கூரையில் மழை பேட்டர், பேட்டர் என்று பெய்தது. பஞ்சுவின் முழங்கால் மரத்தது, முதுகு நனைந்தது, மனம் தவலையைச் சுற்றியது. தன்னையறியாமல் அவருடைய விரல்கள் ஜமக்காளத்தை விட்டுத் தரையோட்டில் இறங்கி, டொக், டொக், டொக் என்று விரைவுத் தாளம் தட்டத் தொடங்கின. ஐந்நூறைத் தாண்டியபோது பொறுக்கமாட்டாமல் பக்கத்திலிருந்தவரிடம் சாய்ந்து, "எங்கே இருக்கோம்?" என்று கேட்டார். அவர் சொன்னார். இன்னும் இவ்வளவா என்றார் பஞ்சு. மழையில் பாதை வெள்ளமாம், நாளைக்கு மார்க்கெட்டில் காய் வராதாம் என்றார் அவர். முருங்கைக்காய் ஒன்று என்ன விலைக்குப் போகிறது என்று பஞ்சு கேட்டார்.

அரியணையிலிருந்து ஒரு பார்வை இறங்கியது. மூக்குக்கண்ணாடிக்கு மேலேயிருந்து நேரே வந்த பார்வை. நாமம் நிற்கவில்லை, ஆனால் வலக்கையின் சுட்டுவிரல் மட்டும் மெல்ல உயர்ந்தது. அஷ்வத் உயர்த்தும் அதே உயரத்துக்கு. கோப்புக் கடல் கடைந்த கோமான், ஒருமூச்சு வேந்தர், மாதுங்கா மண்ணின் மங்காப் புகழோன், தட்டிய விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, வாயை மூடி, ஏழாம் நாளும் அடங்கினார்.

பாராயணம் முடிந்தது. கற்பூரம் காட்டி, தவலையின் வாழையிலை விலக்கப்பட்டு, இலைத் தொன்னைகள் கைமாறின. மானசா முதல் தொன்னையை எடுத்துவந்து மாமனார் கையில் கொடுத்து, பக்கத்தில் அமர்ந்தாள். ஆயிரம் நாமங்களையும் ஒன்று விடாமல் கேட்டவர், அரசிழந்தவர், அம்பு பட்டவர், ஆயினும் எஞ்சியிருந்த தன் ஒரே தத்துவத்தை இரு விரல்களால் எடுத்து வாயிலிட்டார்.

சுண்டல் ஆறிப்போயிருந்தது.